தன்பாலின இணையரான எங்கள் இருவரையும் ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கக் கோரியும், எங்கள் திருமண உரிமை பற்றி அரசின் பதிலைப் பெற்றுத் தரக் கோரியும் மனு

அனுப்புநர்:
பனியன் தொழிலாளர்களான இரு பெண்கள்
(பெயர், கதவு எண், ஆதார் நகல் தனித்தாளில் உள்ளன. அவற்றை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.)
நொய்யல் பாலத்துக்குத் தெற்கே, லைன் வீடுகள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள். எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் ஓவர்லாக் டைலர். என் துணைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். பல வருடமாக ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துக் குடும்பம் நடத்தி வருகிறோம். எங்கள் பகுதி தாங்கள் அறியாதது அல்ல. சாயத் தண்ணீர்ப் புகார் வந்தபோது ஆய்வுக்கு வந்து, பாலத்தடியில் நின்று எங்கள் லைனில் உள்ளவர்களோடு பேசினீர்கள். மாரியம்மன் கோவிலுக்கு எதிர்ச் சந்தில், பொதுக் குழாய்க்கு அடுத்த வரிசையில் எங்கள் வீடு. ரேஷன் கடையும் அதே சந்தில்தான் இருக்கிறது. அந்த வரிசையில் அட்டை இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான்.

எங்கள் குறைகளைக் கீழே பணிவுடன் எழுதுகிறோம்.

1. என் பெயர் ஊரில் அப்பாவின் அட்டையில் இருக்கிறது. துணைவியின் பெயர் வேறு மாவட்டத்தில் அவருடைய அண்ணன் அட்டையில் இருக்கிறது. பெயரை நீக்க வேண்டுமென்றால் குடும்பத் தலைவரின் கைபேசிக்கு ஓடிபி போகிறது. அந்த எண்ணைச் சொல்ல அண்ணன் மறுக்கிறார். வீட்டுக்குத் திரும்பி வந்து, பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினால் மட்டும் பெயரை எடுத்து விடுவாராம்.

2. அப்படியும் புது அட்டைக்கு விண்ணப்பித்தோம். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்புச் சீட்டு, ஒரே முகவரி உள்ள இருவரின் ஆதார் எல்லாம் இணைத்தோம். விசாரித்த அலுவலர் என்ன உறவு என்று கேட்டார். மறைக்காமல் சொன்னோம். கம்ப்யூட்டரில் அதற்கு இடம் இல்லை என்றார். அக்கா தங்கச்சி என்று போட்டுக்கொள்ளுங்கள், பிரச்சினை வராது என்று அவரே வழியும் சொன்னார். பொய்த் தகவல் தந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதே விண்ணப்பத்தின் அடியில் இருக்கிறது, அம்மா. நாங்கள் பொய் எழுத மறுத்தோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. காரணம் போடவில்லை.

3. இது நாங்களாகக் கற்பனை செய்து கேட்கும் சலுகை அல்ல. ஒரே வீட்டில் வாழும், எங்களைப் போன்ற பால்புதுமை இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று ஒன்றிய உணவுத் துறை 2024-ல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ல், இவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் அந்தக் கணக்குக்கு நாமினியாக நியமிக்கவும் தடை இல்லை என்று நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. எங்கள் வங்கி மேலாளர் அதைப் படித்துப் பார்த்துக் கணக்கைத் திறந்து கொடுத்தார். வங்கியில் நடந்தது ரேஷன் அட்டைக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை?

4. இனி எழுதப் போவதுதான் எங்களை அதிகம் நோகடித்தது. மற்றவற்றைத் தாங்கிக்கொண்டோம். இதைத் தாங்க முடியவில்லை.

துணைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. நின்றபடி பீஸ் பார்க்கிற வேலையில் எத்தனை நாள் தாங்குவார்? ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் மேஜையிலேயே சரிந்துவிட்டார். ஆட்டோவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். ரத்த அளவு ரொம்பக் குறைந்துவிட்டது, ரத்தம் ஏற்றிவிட்டு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். சரி, செய்யுங்கள் என்றேன். படிவத்தை நீட்டினார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். நான்தான் அவருக்குக் குடும்பம் என்றேன். அந்த நர்ஸ் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கணவரோ, அண்ணன் தம்பியோ வந்து கையெழுத்துப் போட வேண்டும், கர்ப்பப்பையை எடுக்கிற விஷயம் என்றார்.

துணைவி மயக்கத்தில் இல்லை. பேசிக்கொண்டுதான் இருந்தார். முப்பது வயது தாண்டியவர். என் உடம்பு, நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கேட்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டோம். மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். அதுவரைக்கும் கட்டிலில் விரித்த பச்சைத் துணியை நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். மாற்றிய துணியை எங்கே போடுவது என்று சொல்லக்கூட யாரும் வரவில்லை. வந்த அண்ணன் உள்ளே போய்த் தங்கையைப் பார்க்கவில்லை. வராந்தாவிலேயே நின்று, தேறியதும் இவள் என்னோடு ஊருக்கு வருவாள் என்று சொல்லு, அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், அம்மா? கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் முடிந்ததும் என்னை வார்டுக்குள் விடக்கூடாது என்று சொல்லி வைத்தார். அவர்களும் விடவில்லை. தையல் காயும் வரை நான் வாசலில் இருந்தேன். துணைவி தேறி எழுந்து, அண்ணனிடம் தானே பேசி, என்னோடு வீட்டுக்கு வந்தார்.

செலவு இன்னொரு கதை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பார்க்கலாமே என்றால் குடும்ப அட்டை நகல் கேட்டார்கள். அண்ணன் அட்டையைத் தரவில்லை. எனக்கு ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் மாதம் தவறாமல் போகிறது. என் பக்கத்து மிஷின் அண்ணனின் மனைவிக்கு அவர் ஈ.எஸ்.ஐ. அட்டையில் ஆபரேஷன் நடந்தது. எனக்கும் அதே பிடித்தம்தான். ஆனால் என் துணைவிக்கு அதில் இடம் இல்லை. அவருடைய கம்பெனியில் பீஸ் ரேட் என்று சொல்லி அவருக்கும் ஈ.எஸ்.ஐ. போடவில்லை. என் கழுத்துச் சங்கிலியும் அவர் கம்மலும் இன்னும் அடகில் இருக்கின்றன.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்வோம். உயிருக்குப் போராடிய ஒரு ராத்திரியும் ஒரு பகலும், கூட வாழ்கிறவளுக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லாமல், பேசாத அண்ணனுக்கு உரிமை இருந்ததே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. நாளைக்கு எங்களில் ஒருவர் இறந்தால் உடலை வாங்க இன்னொருவரை விடுவார்களா? நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெறலாம் என்று ஒன்றிய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஆனால் எங்களுக்கு அண்ணன் இருக்கிறாரே!

5. கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறார்கள். கோர்ட் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், எங்கள் உறவு குற்றம் இல்லை என்றது. 2023 அக்டோபர் 17-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்துகொள்ளும் உரிமையை நாங்கள் தர முடியாது, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின், சட்டமன்றங்களின் வேலை என்றது. மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன. அதே ஆண்டு மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று இரண்டு பெண்களின் வழக்கில் எழுதினார்கள். அதற்கு முன்பே 2023 நவம்பரில், இப்படிப்பட்ட இணையர் தங்கள் உறவை ஓர் ஆவணமாகப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாம் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழ்நாடு அரசுக்கு யோசனை சொன்னார். நாடாளுமன்றமும் சட்டமன்றமும் பேச வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் பேசவில்லையே, நாங்கள் யாரிடம் போவது?

6. அரசியல் தலைவர்கள் பேசாமல் இருப்பதைப் பற்றித் தங்களிடம் எழுதுவது முறையா என்று யோசித்தோம். தாங்கள்தான் அரசின் கண்ணும் காதும் என்பதால் எழுதுகிறோம்.

2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு எல்லா மாநிலங்களிடமும் தன்பாலினத் திருமணம் பற்றிக் கருத்துக் கேட்டது. ஏழு மாநிலங்கள் பதில் அனுப்பியதாக உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ராஜஸ்தான், ஆந்திரா, அசாம் எதிர்த்தன. மற்றவை அவகாசம் கேட்டன. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. எதிர்த்திருந்தால்கூட, ஏன் எதிர்த்தீர்கள் என்று கேட்டிருப்போம்.

இதே தமிழ்நாடுதான் 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. ஐயரும் ஓமமும் வேண்டாம், மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும் என்றது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. என் தாத்தா பாட்டி திருமணமும் அப்படித்தான், ஒரு சொற்பொழிவுக்கு நடுவே நடந்ததாகப் பாட்டி சொல்லுவார். செல்லாது என்று ஊர் சொன்ன கல்யாணத்தைச் செல்லும் என்று சட்டம் போட்டுச் சொன்ன மாநிலம் இது. ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் திருமணம் இருப்பதால்தானே அன்றைக்கு அது முடிந்தது? இன்றைக்கும் அதே பட்டியலில்தானே இருக்கிறது? 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, திருநங்கையும் மணமகள்தான் என்று தீர்ப்பளித்துத் திருமணத்தைப் பதிவு செய்ய வைத்தது. 2025 ஜூலையில் அரசு திருநருக்கான கொள்கையை வெளியிட்டது. மனமார வரவேற்கிறோம், அவர்கள் எங்கள் தோழமைகள். எங்களுக்கானது எங்கே என்று கேட்டால் மட்டும் எல்லாரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிக்கையில், கலந்தாலோசித்து எங்களைப் போன்ற இணையருக்குச் சட்டம் கொண்டு வருவோம் என்று காங்கிரஸ் எழுதியது. எங்கள் லைனில் ஓட்டுக் கேட்டு வந்த கூட்டணிக்காரர்களிடம் அதைக் கேட்டேன். அவர்களுக்குத் தெரியவே இல்லை. சமூகநீதி, சுயமரியாதை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தப் பேச்சில் எங்களுக்கு ஒரு வரி கிடையாதா? தொகுதி அலுவலகத்தில் மனு கொடுத்தபோது, இதெல்லாம் நம்ம ஊரில் பேசுகிற விஷயமாம்மா என்று கேட்டார்கள். நாங்கள் இந்த ஊரில்தான் இருக்கிறோம், அம்மா! இந்த ஊருக்கு பனியன் தைத்துக் கொடுக்கிறோம், இந்த ஊரில் வாடகை கொடுக்கிறோம், இந்த ஊரில்தான் ஓட்டுப் போடுகிறோம். ஆளுங்கட்சியும் பேசவில்லை, எதிர்க்கட்சியும் பேசவில்லை. மற்ற எல்லாவற்றிலும் ஒருவரையொருவர் கிழிக்கிறவர்கள் இதில் மட்டும் ஒற்றுமையாக வாயை மூடிக்கொள்கிறார்கள். ஓட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு எங்கள் உடம்பில் இருந்து ரத்தம் போகிறது.

7. குரல் உயர்ந்திருந்தால் மன்னிக்கவும். தங்கள் மேல் கோபம் இல்லை.

ஆகவே, அம்மா அவர்கள் கருணை கூர்ந்து, ஒன்றிய உணவுத் துறையின் 2024 அறிவுறுத்தலின்படி எங்கள் இருவரின் பெயரையும் பழைய அட்டைகளில் இருந்து, குடும்பத் தலைவரின் ஓடிபி இல்லாமலே, விசாரணை நடத்தி நீக்கி, ஒரே அட்டையில் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். விசாரணைக்கு வருகிற வருவாய் ஆய்வாளர் எங்கள் வீட்டு உரிமையாளரையும் பக்கத்து வீடுகளையும் கேட்கலாம். எல்லாருக்கும் எங்களைத் தெரியும். அட்டை கையில் இருந்தால் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்போம். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் என்ன உறவு என்று கேட்டால் அரசு முத்திரை போட்ட ஒரு காகிதமாவது எடுத்துக் காட்டுவோம்.

மாவட்டத்தில் உள்ள மருத்துவமனைகளுக்கு, வயது வந்த நோயாளி சுயநினைவோடு இருந்தால் அவர் கையெழுத்தே போதும் என்றும், அவர் யாரைக் கூட இருக்கச் சொல்கிறாரோ அவரை அனுமதிக்க வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறோம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறோம்.

இந்த மனுவின் நகலை சமூகநலத் துறைக்கும் முதலமைச்சர் அலுவலகத்துக்கும் தங்கள் குறிப்போடு அனுப்பி வையுங்கள். தன்பாலின இணையரின் திருமணத்தில் தமிழ்நாடு அரசின் நிலை என்ன என்று எங்களுக்கு எழுத்தில் வேண்டும். ஆதரிக்கிறோம் என்றோ எதிர்க்கிறோம் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும்.

அம்மா, மறுபடியும் கேட்கிறோம். முதலில் அந்த அட்டையைத் தாருங்கள். துணைவிக்கு இன்னும் பரிசோதனை பாக்கி இருக்கிறது. திரும்பவும் அட்மிட் செய்ய வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் கிடைத்தாக வேண்டும். தர முடியாது என்றால், எந்த விதிப்படி முடியாது என்று தங்கள் கையொப்பத்தோடு எழுதித் தாருங்கள். அதை வைத்து மேல்முறையீடு செய்வோம். மனு தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்ற குறுஞ்செய்தி மட்டும் மறுபடி வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(இருவரின் கையொப்பம்)