டெம்பிளர்களின் களஞ்சியங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் டெம்பிளர் எனும் போர்த்துறவிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புதையல், ரகசியச் சடங்கு, சாபம் என்றே பக்கம் நிரம்பிவிட்டது. அத்தனை குதிரைகளுக்கும் கவசங்களுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே.

இங்கிலாந்தின் எசெக்ஸில், விதமுக்கும் பிரைன்ட்ரீக்கும் இடையே கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற பண்ணை இருக்கிறது. 1137இல் அரசர் ஸ்டீபனின் மனைவி மட்டில்டா டெம்பிளர்களுக்குத் தானமாகக் கொடுத்த நிலம் அது. மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. அவர்களுடைய தேவாலயமும் இன்று இல்லை. நிற்பவை 13ஆம் நூற்றாண்டில் ஓக் மரத்தால் எழுப்பிய இரண்டு மாபெரும் களஞ்சியங்கள். ஒன்றை வாற்கோதுமைக் களஞ்சியம் என்றும் மற்றதைக் கோதுமைக் களஞ்சியம் என்றும் அழைக்கிறார்கள்.

நெல் கிடங்கிலேயே உத்தியோகம் பார்த்தவன் நான். உள்ளே நுழைந்ததும் கண் கூரைக்குத்தான் போயிற்று. இரண்டு வரிசைத் தூண்கள், நடுவில் பாரவண்டி நுழையும் அகலம், இருபுறமும் தாழ்வாரம். கதிர்க்கட்டுகளை அடுக்கி வைத்து, உள்ளேயே அடித்துத் தூற்றும் ஏற்பாடு. மழை எப்போது வருமென்று தெரியாத நாட்டில் திறந்த களத்தை நம்ப முடியுமா? உத்தரமும் தூணும் சேரும் பொருத்துகளைப் பார்த்து நின்றுவிட்டேன். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக அவை பாரம் தாங்குகின்றன!

இத்தகைய பண்ணைகளின் வருமானத்தில் ஒரு பங்கு கடல் கடந்து, ஜெருசலேம் இருக்கும் புனித நாட்டில் நடந்த சிலுவைப் போர்களுக்குப் போனது. வாளேந்தியவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. உழுதவர்களின் பெயர் இல்லை.

1308இல் இரண்டாம் எட்வர்டின் ஆணைப்படி இங்கிலாந்து டெம்பிளர்கள் கைதானார்கள். 1312இல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்தபின் கிரெஸ்ஸிங், ஹாஸ்பிட்டலர் என்ற இன்னொரு போர்த்துறவிகள் சபைக்குப் போய்ச் சேர்ந்தது. 1381இல், ஆளுக்கு இவ்வளவு என்று அரசு விதித்த தலைவரியின் கொடுமை தாங்காமல் எழுந்த மக்கள் கிரெஸ்ஸிங்கில் இருந்த மாளிகையைச் சூறையாடினார்கள். காரணம் இருந்தது: ஹாஸ்பிட்டலர்களின் இங்கிலாந்துத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ்தான் அரசின் பொருளாளர். சில நாட்களில் லண்டன் டவர் ஹில்லில் அவர் தலையும் வெட்டப்பட்டது. களஞ்சியங்கள் மட்டும் தப்பின.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்தக் களஞ்சியங்களின் படத்தையும், அங்கு நடந்த விவசாயத்தைப் பற்றி அரைப் பக்கமாவது சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கிடங்குக் கண்காணிப்பாளர்,
மன்னார்குடி