யப்பான்காரன் குண்டு போட்ட வருடம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் என் மூத்த அண்ணரோடு ஓர் அரச அலுவலகத்து வாங்கில் அரை நாள் குந்தியிருந்தேன். கனடாவிலிருக்கும் அவருடைய மகன் விசாவுக்காகப் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தான். அண்ணருக்கு அப்படி ஒன்று இல்லை, பிறப்பே பதியப்படவில்லை. சாதக ஓலை ஒன்று இருந்தது, அதுவும் 1985இல் வீட்டோடு எரிந்து போனது. இத்தனை வருடமும் அடையாள அட்டையை வைத்துச் சமாளித்துவிட்டார். அந்த அட்டையிலோ, எந்தக் காலத்திலோ யாரோ ஓர் உத்தியோகத்தர் தம் வசதிக்குப் போட்டுவிட்ட 1942 சனவரி 1 என்ற திகதி இருக்கிறது. அண்ணர் பிறந்தது அந்த வருடம் ஆடி மாதத்தில். உத்தேச வயதுச் சான்றிதழிலாவது அதைச் சரியாகப் போடுவிக்க வேண்டும் என்று எண்பது வயது கடந்தவருக்கு ஒரு பிடிவாதம்.

மேசைக்கு அப்பால் இருந்தவர் மரியாதையானவர். "ஐயா, ஆடி மாதம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அண்ணர், "யப்பான்காரன் குண்டு போட்டு மூன்றாம் மாதம் பிறந்தேன் என்று அம்மா சொல்லுவார்" என்றார். அந்த இளைஞர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், யப்பான் எப்போது இங்கே குண்டு போட்டது?"

டீச்சர் என்று அவர் சும்மா சொல்லவில்லை. என்னிடம் படித்தவர். க.பொ.த. சாதாரண தரத்தில் வரலாற்றுக்கு 'ஏ' எடுத்தவர். அந்த 'ஏ'யை அவருக்கு எடுத்துக் கொடுத்தவள் நான் என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டதும் உண்டு. அமெரிக்காவின் முத்துத் துறைமுகம் (பேர்ல் ஹாபர்) எப்போது தாக்கப்பட்டது என்று அன்று கேட்டிருந்தால் 1941 டிசம்பர் 7 என்று தூக்கத்திலும் சொல்லியிருப்பார். தாம் பிறந்த ஊரான திருகோணமலையின் துறைமுகம் அடுத்த நான்காம் மாதம் அதே விமானந்தாங்கிப் படையால் தாக்கப்பட்டதை அவருக்குச் சொல்லிக் கொடுக்க முப்பத்து மூன்று வருடம் வரலாறு கற்பித்த எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் நான் யாரையாவது குறை சொன்னால் முதலாவது பெயர் என்னுடையது.

நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை, நூற்றுக்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. முன்னெச்சரிக்கை கிடைத்ததால் முதல் நாள் இரவே துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படிப் போன ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு, முந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. துறைமுகத்திலேயே நின்ற சகாயிங் என்ற கப்பலும் குண்டுபட்டு எரிந்தது. அதைத்தான் 2018இல் கடற்படையினர் கடலடியிலிருந்து கிளப்பினார்கள். உங்கள் பத்திரிகை வாசகர்களில் சிலருக்கு அந்தப் படங்கள் நினைவிருக்கலாம். நகருக்கு அருகே சீனக்குடாவில் ஒரு யப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்து வெடித்தது. உருகி மடிந்த அந்த இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது.

அன்று அம்மா ஆறு மாதக் கர்ப்பிணி. ஐயாவுக்கு டொக்யார்ட்டில் வேலை. அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருந்ததாகவும், முதல் சத்தம் கேட்டபோது பாறை உடைக்கிறார்கள் என்று நினைத்ததாகவும் அம்மா சொல்லுவார். மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்கு ஓடினார்கள். அங்கே உறவினர் வீட்டுக் கொட்டிலில்தான் அண்ணர் பிறந்தார். பதிவாளரைத் தேடிப் போக யாருக்கு நேரம்? ஐயாவோடு வேலை செய்த இருவர் அன்று திரும்பி வரவில்லை. நிலாவெளி வீதியில் பொதுநலவாய யுத்த மயானத்தில் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களுக்குப் பெயரும் வயதும் பொறித்த கற்கள் இருக்கின்றன, புல்லை ஒழுங்காக வெட்டிப் பராமரிக்கிறார்கள். நல்லது. அந்த இருவருக்குக் கல் இல்லை. அவர்களுடைய பெயர்களை ஐயாவோடு சேர்த்து நாங்களும் புதைத்துவிட்டோம்.

எண்ணெய் எரிந்த புகை எத்தனை நாள் நின்றது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு தீராத வழக்கு இருந்தது. அம்மா ஏழு நாள் என்பார். ஐயா, "மூன்று நாளுக்கு மேல் இல்லை, இவள் தம்பலகாமத்தில் இருந்துகொண்டு எதைக் கண்டாள்" என்பார். அம்மா விடமாட்டார்: "நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், உங்களுக்குப் புகைதான் தெரியும். தூரத்தில் நின்றவர்களுக்குத்தான் நாள் தெரியும்." சின்ன வயதில் எனக்கு இது சிரிப்பான சண்டை. ஆசிரிய பயிற்சியில் மூலாதாரங்களை ஒப்பிட்டு ஆராய்தல் என்று ஒரு பாடம் வைத்து, அதற்குக் குறிப்பெழுதிப் பரீட்சையும் எழுதினேன். அப்போதும் இது நினைவுக்கு வரவில்லை. அந்த விமானி வேண்டுமென்றே தாங்கியின் மேல் பாய்ந்தானா, சுடப்பட்டு விழுந்தானா என்பதிலும் இரண்டு கதை உண்டு. ஒரு வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்து, யார் சொல்லுவதை ஏன் நம்புகிறாய் என்று கேட்டால் ஒரு பாடவேளை போதாது.

பரீட்சைக்கு வராது என்பார்கள். வராதுதான். நானும் அந்தச் செக்கில் சுற்றிய மாடு. தவணை தொடங்கினால் பாடப்புத்தகம், தவணை முடிந்தால் கடந்தகால வினாத்தாள்கள், இடையில் ரியூஷன் வாத்தியார் போட்டுக் கொடுத்த குறிப்பு. 1795இல் ஆங்கிலேயர் இலங்கைக்குள் திருகோணமலை வழியாக நுழைந்ததை எங்கள் பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். 1942 அவர்களுக்கு வெறும் இலக்கம். உலக யுத்தங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஹிட்லர் வருவார், ஹிரோஷிமா வரும், ஐக்கிய நாடுகள் சபையோடு முடியும். பர்மா விழுந்ததால் அரிசி வராமற்போய்க் கூப்பன் முறை வந்ததும், கூட்டுறவுச் சங்கக்கடைகள் ஊரூராகப் பெருகியதும், சோறு தின்ற வீடுகளில் கோதுமை மா நிரந்தரமாகக் குடியேறியதும் அந்த யுத்தத்தின் மிச்சங்கள்தான். காலையில் பாண் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு, யுத்தம் ஐரோப்பாவில் நடந்தது என்று சொல்லிக் கொடுத்தோம். மலாயாவில் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் ஆயிரமாயிரமாக யப்பானியரால் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மாண்டதையும் நான் கற்பித்ததில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே மலாயாப் பென்சன் எடுத்த ஒரு முதியவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

இனி, எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்த பகுதி.

எங்கள் பிள்ளைகளுக்கு யுத்தம் என்றால் ஹிட்லர். இங்கே நடந்ததற்குப் பெயர் 'பிரச்சினை'. "பிரச்சினைக் காலத்தில் அம்மம்மா வீடு மாறினார்" என்பார்கள். இன்று சாதாரண தர வகுப்பில் இருக்கும் பிள்ளைகள், 2009இல் யுத்தம் முடிந்த வேளையிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள். அவர்களுக்கு அது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் விடயம், அவ்வளவுதான்.

2006 சனவரி 2 மாலை எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். நகரமே அறியும், நாடும் அறியும். குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டதையும் பத்திரிகைகளில் வாசித்தோம். அந்த 2006இல் தவணை தொடங்கியபோது நான் பிரெஞ்சுப் புரட்சி கற்பித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இதெல்லாம் ஒரு நாள் வரலாற்றில் வருமா?" என்று கேட்டான். எது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "பாடத்துக்கு வாரும்" என்றேன். பஸ்தீல் சிறையை உடைத்த கதைக்குத் திரும்பிப் போனோம். அன்று பயந்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். பயப்பட வேண்டிய காலம். பயம் போன பிறகும் அந்தப் பதிலையே சொல்லிக்கொண்டிருந்தது பிழை.

ஓய்வுபெறுவதற்கு முன் நகரத்தில் ஓர் ஆசிரியர் செயலமர்வு நடந்தது. தேநீர் இடைவேளையில் கந்தளாயிலிருந்து வந்த சிங்கள ஆசிரியை ஒருவரும், மூதூரிலிருந்து வந்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவரும், நானும் ஒரே மேசை. பேச்சு எப்படியோ பஸ்ஸில் தொடங்கியது. 1987 சித்திரை வருடப் பிறப்புக்குப் பின், ஹபரணை வீதியில் பஸ்களை மறித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றபோது அதில் தன் சிற்றன்னை இருந்ததாக அந்த ஆசிரியை சொன்னார். விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவராம். மூதூர் ஆசிரியர், 2006 ஆகஸ்டில் ஊரே காலி செய்து கந்தளாயை நோக்கி நடந்தபோது தன் தகப்பனாரைத் தோளில் சுமந்ததைச் சொன்னார். நான் எங்கள் வீடு எரிந்ததைச் சொன்னேன். மூவரும் வரலாற்று ஆசிரியர்கள். அதற்கு முன் யாருக்கும் யாருடைய கதையும் தெரியாது. மணி அடித்தது. ஆறிப்போன பிளேன்டீயை வைத்துவிட்டு உள்ளே போய்க் 'கற்றல் பேறுகள்' அட்டவணையை நிரப்பினோம்.

பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்று எனக்குச் சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: 1942 யாருடைய புண்? அதைப் பேசினால் எந்தச் சமூகத்துக்குக் கோபம் வரும்? எண்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட, கட்சி இல்லாத, கொடி இல்லாத ஒரு குண்டுவீச்சைக்கூட நாங்கள் வகுப்பறைக்குள் கொண்டுவரவில்லை என்றால், நேற்றைய யுத்தத்தைப் பேசாததற்குப் பயம் மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பிக்கொள்ள முடியாது. சோம்பலும் இருக்கிறது. ஊர் வரலாறு, வரலாறு ஆகாது என்ற எண்ணமும் இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். சீனக்குடாவிலிருந்து தொடங்குங்கள். திருகோணமலை நகரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எப்போதும் ஒரு செய்தி இருக்கும்: மொத்தம் 99, 2022 உடன்படிக்கைப்படி இவ்வளவு இந்திய நிறுவனத்துக்கு, இவ்வளவு எங்களுக்கு, இவ்வளவு கூட்டாக. முதலில் கட்டிய தாங்கிகள் எல்லாம் இன்னும் இருக்கின்றனவா என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், 1942 தானாக வரும். அனுமதி எடுக்க வேண்டும், அதிபர் கடிதம் எழுத வேண்டும்; எங்கள் அதிபர்கள் விளையாட்டுப் போட்டிக்கு எழுதாத கடிதமா? பிறகு மயானத்துக்குப் போகட்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருக்கும் மிக வயதான ஆளிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். மூன்று சமூகத்துப் பாடசாலைகளும் அந்தப் பக்கங்களை மாற்றி வாசிக்கட்டும். ஏழு நாளா மூன்று நாளா என்று சண்டை பிடிக்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு 1987க்கும் 2006க்கும் வரும்போது இன்னும் கொஞ்சம் நிதானமாக வரும் என்று நம்புகிறேன். வரலாறு கட்டாய பாடமா விருப்பப் பாடமா என்று அண்மையில் நடந்த வாதங்களையும் கவனித்தேன். எந்தப் பெட்டியில் போட்டாலும் எனக்குப் பெரிய வித்தியாசமில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

2008 ஆகஸ்டில் ஓர் இரவு புலிகளின் சிறிய விமானம் கடற்படைத் தளத்தின் மேல் குண்டு போட்டது. மின்சாரம் நின்றது, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வானத்தில் சிவப்புக் கோடு கிழித்தன. அம்மா அப்போது படுக்கையில், நினைவு தப்பித் தப்பி வரும் நிலை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டியைக் கட்டச் சொல்லு, யப்பான்காரன் திரும்பி வந்துவிட்டான்" என்றார். பக்கத்தில் நின்ற என் மகள், அம்மம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அழுதாள். அம்மா சொன்னது அரைவாசி சரி என்று அவளுக்கு விளக்குவதற்கு இரண்டு யுத்தங்களைச் சொல்லவேண்டி இருந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்த பிள்ளை.

அண்ணருடைய சான்றிதழ் போன கிழமை வந்தது. அந்த இளைஞர் தம்மால் ஆன மட்டும் முயன்றிருக்கிறார். அம்மாவின் பேச்சை ஆதாரமாக எடுக்க மேலிடத்தில் இடம் தரவில்லையாம். அடையாள அட்டையில் உள்ளபடியே 1942 சனவரி 1 என்று அச்சடித்திருக்கிறார்கள். அண்ணர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார். "அப்படியென்றால் குண்டு விழுந்தபோது நான் மூன்று மாதப் பிள்ளை" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.