முதல் வகுப்புக்கு முன் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். குனிந்தால் கை தரைக்கு எட்டுவதில்லை, சம்மணமிட்டால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இந்த உடம்பை வைத்துக்கொண்டு யோகா வகுப்பில் எப்படிச் சேர்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சேரவிருப்பது உடல் சொல்வதைக் கேட்டு அசையும் மென்மையான வகுப்பு. அங்கே இவ்விரண்டையும் யாரும் குறையாகப் பார்க்க மாட்டார்கள். இடுப்பு மூட்டுக் குழியின் ஆழமும் கோணமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எத்தனை ஆண்டு பழகினாலும் சிலருடைய முழங்கால் தரையைத் தொடாது, தொட வேண்டிய அவசியமும் இல்லை. மடித்த போர்வையின் மேல் சற்று உயர்ந்து உட்கார்ந்து பாருங்கள், முழங்கால் ஓரளவு தானே தணியும்.

வகுப்பு பெரும்பாலும் மல்லாந்து படுத்த நிலையில் தொடங்கும். குதிகாலும் இடுப்பும் தோள்பட்டையும் தரையில் எப்படி அழுந்துகின்றன, கீழ்முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றெல்லாம் ஆசிரியர் நிதானமாகக் கேட்டுக்கொண்டே போவார். நீங்கள் விடை சொல்ல வேண்டியதில்லை, கவனித்தால் போதும். பிறகு முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றி, மூச்சை இழுக்கும்போது கீழ்முதுகு மெல்ல எழவும், விடும்போது அது தரையோடு படியவும் விடுவீர்கள். அசைவு ஓர் அங்குலம்கூட இருக்காது. நாலைந்து முறை செய்தபின், ஒரு பக்கம் தாராளமாகவும் மறுபக்கம் தயங்கித் தயங்கியும் நகர்வது உங்களுக்கே புலப்படும். இதற்குத்தானா வந்தோம் என்று முதல் நாள் தோன்றலாம். ஆனால் வகுப்பின் பெரும்பகுதி வேலை இந்தச் சிறிய அசைவில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தசையை வெடுக்கென்று இழுத்தால், அதற்குள் இருக்கும் உணர்வு நரம்புகள் விழித்துக்கொண்டு, அதைக் காக்கும் பொருட்டு இறுகச் செய்கின்றன. மெதுவாகவும் வலியின்றியும் அசையும்போது அந்த எதிர்ப்பு எழுவதில்லை. 1970-களில் ‘சொமாட்டிக்ஸ்’ என்ற பெயரில் இத்தகைய பயிற்சியைப் பரப்பிய அமெரிக்கர் தாமஸ் ஹன்னா, சோம்பல் முறித்தலையே அடிப்படையாகக் கொண்டார்: இறுகியிருக்கும் தசையை முதலில் நாமாக இன்னும் சிறிது இறுக்கி, பின்பு மிக மெதுவாகத் தளர்த்துவது. தூங்கி எழும் பல உயிர்களும் கற்றுக்கொடுக்காமலே செய்வதுதான் இது.

ஆசிரியர் ஒரே அசைவுக்கு இரண்டு மூன்று வழிகளைச் சொல்வார். எது இதமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். போதும் என்று உடல் சொன்னால் நிறுத்திவிடலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உங்களைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் அவர்தான் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் முதுகை அழுத்துபவர் எவ்வளவு பெயர்பெற்றவராக இருந்தாலும், தயவுசெய்து அந்த வகுப்புக்கு மறுபடி போகாதீர்கள்.

கடைசியில் வரும் சவாசனத்தில், அதாவது அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும் நிலையில், உடல் குளிரக்கூடும், ஆகவே போர்த்திக்கொள்ள ஒன்று எடுத்துச் செல்லுங்கள். உறக்கம் வந்தாலும் கண்ணீர் வந்தாலும் கூச்சப்பட வேண்டாம். எழும்போது மட்டும் பக்கவாட்டில் புரண்டு, சிறிது நேரம் கிடந்து, கையை ஊன்றி எழுங்கள். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம்.

உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் தலை தாழும் நிலைகளையும், எலும்பு வலுவிழந்திருந்தால் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதையும் தவிர்க்க வேண்டியிருக்கும் என்பதால், வகுப்பு தொடங்கும் முன்பே அவற்றை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மறுநாள் இலேசான அசதி இருந்தால் கவலைப்பட வேண்டாம். சுரீர் என்ற வலியோ, காலுக்கு இறங்கும் மரத்துப்போன உணர்வோ இருந்தால், அடுத்த வகுப்புக்குமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை