மதிப்பெண் ஏன் ஏறியது?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. கரோனா காலத்தில் புறநோயாளிப் பிரிவில் நோயாளிகள் தந்த திருப்தி மதிப்பெண் முன்பைவிட ஏறியிருக்கிறதே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். அப்படியே நம்பிவிடாதே.

படிவத்தை நிரப்பியவர்கள் வந்தவர்கள் மட்டும்தான். தொற்றுக்குப் பயந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வராமலே இருந்துவிட்டவர்கள் கணக்கில் இல்லை. கூட்டம் குறைந்தாலே காத்திருப்பும் குறையும். அதோடு, இந்த ஆபத்திலும் நம்மைப் பார்க்கிறார்களே என்ற நன்றியில் பலர் 5க்கு 5 போட்டுவிடுவார்கள். வெள்ளை அங்கி போட்டவரே படிவத்தை நீட்டினால் கேட்கவே வேண்டாம்.

காத்திருப்பைப் பற்றி அபிப்பிராயம் கேட்காதே, நேரத்தைக் குறித்துக்கொள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் வரிசையிலேயே அரை மணி போயிருக்கலாம்; பதிவு மேசையிலிருந்து கணக்கிட்டால் அது விட்டுப்போகும். ஆகவே வாசலிலேயே டோக்கன் கொடுத்து, பதிவு, மருத்துவர் அறைக்குள் போனது, வெளியே வந்தது, மருந்து வாங்கியது என ஒவ்வொரு இடத்திலும் மணியை எழுதச் சொல். சராசரி வேண்டாம், நடுமதிப்பை எடு; அதாவது, எல்லா நேரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை. நாலு மணி நேரம் காத்திருந்த சிலரே சராசரியை இழுத்துவிடுவார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது முகக்கவசம். பேச்சு மங்கும், உதடு தெரியாது. காது மந்தமானவர்கள் புரியாமலே தலையாட்டிவிட்டு, படிவத்திலும் 'புரிந்தது' என்றே குறிப்பார்கள். அதனால், மாத்திரை எத்தனை வேளை, எத்தனை நாள், எது வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, சீட்டோடு ஒப்பிட்டுப் பார். தொற்றுக்கு முன் தயாரான கேள்வித்தாள்களில் இது பெரும்பாலும் இருக்காது. இருக்கை இடைவெளியும் காற்றோட்டமும் அப்படித்தான். நீயே சேர்த்துக்கொள்.

கைபேசியில் கியூஆர் குறியீட்டைப் படித்துப் படிவம் நிரப்புவதை மட்டும் நம்பினால் முதியவர்கள் விடுபடுவார்கள். சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் இரண்டு மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்பதே மேல். முடிவு உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகாது என்று 95% நம்பகத்தோடு சொல்ல 384 பேரைக் கேட்டால் போதும் என்பார்கள்; அது குலுக்கல் முறையில் எடுத்தால்தான் பொருந்தும். காலை வேளையில் கண்ணில் பட்ட 384 பேர் அதற்கு ஈடாக மாட்டார்கள்.

பழைய பதிவேட்டை எடுத்து, மாதந்தோறும் வந்துகொண்டிருந்து மூன்று மாதமாக வராதவர்களைத் தனியே பட்டியலிடு. முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும். மருந்து கையில் இருக்கிறதா என்பதை முதலில் கேள், திருப்தியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் நண்பன்