மோக்லியைத் தேடும் தம்பிக்கு

காரைக்குடி

அன்புள்ள தம்பி,

நீ போனில் சொன்ன அடையாளங்களே போதும். ஓநாய்களோடு வளரும் பையன், கையில் நம் சிவகங்கைச் சீமை வளரி மாதிரி ஒரு பூமராங், கூடவே சின்னதாக ஒரு சிவப்புப் பிராணி, ஞாயிற்றுக்கிழமை காலை. 1967-இல் வந்த டிஸ்னி படத்தைப் போட்டுப் பார்த்து ‘இது இல்லையே’ என்று நீ குழம்பியதில் தப்பில்லை. அந்தப் பிராணியின் பெயர் கிச்சி, சிவப்புப் பாண்டாக் குட்டி. டிஸ்னி படத்திலும் கிடையாது, கிப்ளிங் எழுதிய கதையிலும் கிடையாது. கிச்சி ஞாபகம் இருக்கிறதென்றால், நீ பார்த்தது நிப்பான் அனிமேஷன் எடுத்த ‘ஜங்கிள் புக்’ தொடர்தான். ஃபுமியோ குரோகாவா இயக்கியது. ஜப்பானில் 1989 அக்டோபரிலிருந்து 1990 அக்டோபர் வரை 52 பகுதிகள் ஓடியது. வெறுமனே ‘ஜங்கிள் புக்’ என்று தேடினால் டிஸ்னிதான் வந்து நிற்கும். ‘ஷோனென் மோகுரி 1989’ என்று போட்டுத் தேடு.

கிடைத்ததும் ஒரு ஏமாற்றம் வரும், தயாராக இரு. ஜப்பானிய மூலத்தில் உனக்குத் தெரிந்த பாட்டு இருக்காது. அது இந்திய ஒளிபரப்புக்காகவே செய்தது. வரிகள் குல்சார், இசை விஷால் பரத்வாஜ். புலி ஷேர்கானின் உறுமல் நானா படேகருடையது. உன் மனதில் தங்கியிருப்பதில் பெரும்பங்கு இந்த இந்தி ஒலிதான். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் மறுபடி ஒளிபரப்பியது, அதனால் அந்த ஒலி அழிந்துபோகவில்லை.

நம் வீட்டில் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கும் விஎச்எஸ் கேசட்டின் மதிப்பு வேறு. அதில் அன்றைய விளம்பரங்களும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. அவற்றை வெட்டாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதை எடுக்கவே வேண்டாம். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால், பிளேயரில் நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டில் ஏறி, அடுத்து போடும் கேசட்டையும் கெடுக்கும். சுத்தமாக இருந்தால், பிளே அழுத்துமுன் கடைசிவரை ஒருமுறை ஓட்டித் திரும்பச் சுற்று. வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும். ஹெட்டைத் துடைக்கப் பஞ்சு வேண்டாம், நூல் சிக்கி ஹெட்டே உடையும். மெல்லிய ஷாமி தோலில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து, ஹெட் பதிந்திருக்கும் உருளையின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, உருளையைக் கையால் சுற்று. மேலும் கீழும் தேய்க்கவே கூடாது.

கணினியில் ஏற்றும்போது 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், DV-AVI கோப்பு வடிவம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும், ஆகட்டும். மலிவான யூஎஸ்பி கேப்சர் குச்சிகள் பழைய நாடாவின் நடுக்கத்தைத் தாங்காமல் ஃபிரேம்களை விட்டுவிடும். பத்து நிமிஷத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். பிளேயருக்கும் குச்சிக்கும் நடுவில், அந்த நடுக்கத்தைச் சீராக்கும் டைம்பேஸ் கரெக்டர் என்ற கருவி ஒன்று இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜப்பானிய மூலத்தின் நல்ல படத்தோடு கேசட்டின் இந்தி ஒலியைச் சேர்க்க ஆசைப்பட்டால், விளம்பரத்தை நீக்கிய பிரதியில் ஒரே காட்சி முதல் கடைசிவரை இரண்டிலும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அளந்து பார். கேசட்டில் 4 சதவீதம் குறைவாக இருந்தால், நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25-ஆக ஓட்டியிருக்கிறார்கள். குரலும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். ஒலியின் வேகத்தை 96 சதவீதமாக்கு, சுருதியும் தானே இறங்கும். நேரம் ஒன்றாகவே இருந்தால் வேகத்தைத் தொடாதே. விளம்பரம் வெட்டிய இடங்களை மட்டும் சரிபார்.

பேரனுக்குப் போடுமுன் டிவியில் இரண்டு காரியம் செய். படத்தை 4:3-இல் வை, இல்லாவிட்டால் கருஞ்சிறுத்தை பகீரா பூசணிக்காய் மாதிரி உப்பிப்போகும். ‘மோஷன் ஸ்மூத்திங்’கை அணை. கையால் வரைந்த தொடரில் ஒரே ஓவியம் இரண்டு, மூன்று ஃபிரேம் நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் பாய்ச்சலுக்கே வேகம் வருகிறது. டிவி நடுவில் பொய் ஃபிரேம்களைச் செருகினால் ஓநாயின் கால் கோடுகள் குழைந்துபோகும்.

52 பகுதியையும் ஒரே வாரத்தில் பார்த்துத் தீர்க்காதே. நிதானமாக நகரும் கதை அது, அடுத்தடுத்து போட்டால் பிள்ளைக்குச் சலித்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்தால் சரியாக ஒரு வருஷம்.

பிள்ளையார் நோன்புக்கு வரும்போது ஷாமி தோலும் டைம்பேஸ் கரெக்டரும் அங்கிருந்தே வாங்கி வா. ஆல்கஹாலை விமானத்தில் கொண்டுவர வேண்டாம், இங்கே நான் வாங்கி வைக்கிறேன். கேசட்டை இப்போதைக்கு நிற்க வைத்திருக்கிறேன், நாடா நிறைந்த பக்கம் கீழே.

அன்புடன்,
அப்பச்சி