திராட்சைத் தோட்டப் படங்களுக்குக் குறிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், உலகின் திராட்சை விளையும் பகுதிகளில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் இரண்டு பக்க அளவில் வெளிவந்திருந்தன. அதைத் தொடர்ந்து, மது தயாரிப்பதற்கென்றே வளர்க்கப்படும் தோட்டங்களைக் குடும்பத்தினர் அனைவரும் படிக்கும் இதழில் இப்படிக் கொண்டாடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மதுவால் எத்தனை வீடுகள் நிலைகுலைந்தன என்பதை நெல்லைச் சீமையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவருடைய கவலையை மதிக்கிறேன். ஆயினும் அப்படங்களை வெளியிட்டது சரியென்றே கருதுகிறேன். குறை வேறிடத்தில் இருக்கிறது. எந்தப் படத்தின் கீழும் ஊர்ப்பெயரைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. அந்த நிலம் ஏன் அந்த உருவில் இருக்கிறது என்பதை இரண்டு வரிகளில் சொல்லியிருந்தால், அவை உழவின் படங்கள் என்பது அவருக்கும் விளங்கியிருக்கும்.

பிரான்சின் ஷாப்லி பகுதியில் இரவில் எடுத்த படத்தையே பாருங்கள். கொடி வரிசைகளுக்கிடையே நூற்றுக்கணக்கான சுடர்கள் எரிவதைக் கண்டு, திருக்கார்த்திகை போன்ற ஏதோ விழா என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் அது விவசாயிகளின் அச்சம் மிகுந்த இரவு. ஏப்ரலில் கொடி துளிர்த்திருக்கும் வேளையில் உறைபனி இறங்கினால் அவ்வாண்டின் விளைச்சல் கருகிவிடும் என்பதால், பாரஃபின் மெழுகு நிரப்பிய வாளிகளை வரிசையாக வைத்து விடியும்வரை கொளுத்திக் காக்கிறார்கள். இது தெரிந்தபின் அப்படத்தைப் பார்ப்பவர் முதலில் அழகைக் காண்பதில்லை.

ஸ்பெயினுக்குரிய லான்சரோட்டே தீவின் லா ஹெரியா படமும் அவ்வாறே. கரிய மணலில் வட்டவட்டமாகக் குழிகளும், ஒவ்வொரு குழிக்கும் பிறை வடிவில் ஒரு கல்சுவரும், நடுவில் ஒரே ஒரு கொடியுமாக, வேற்றுக் கிரகத்துக் காட்சி போல அது அச்சாகியிருந்தது. 1730 முதல் 1736 வரை அங்கே எரிமலை குமுறியபோது நல்ல விளைநிலங்கள் சாம்பலுக்கடியில் புதைந்துபோயின. அம்மக்கள் சாம்பலைக் குடைந்து, வேர் பழைய மண்ணை எட்டும் ஆழத்தில் கொடியை ஊன்றினார்கள். மழை மிகக் குறைந்த அத்தீவில் இரவின் ஈரத்தை அந்தச் சாம்பலே பிடித்து வைக்கிறது. பிறைச்சுவர் கடற்காற்றைத் தடுக்கிறது. தேரிச் செம்மணலில் பனையை வளர்த்தெடுத்த நம் மக்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

சுவிட்சர்லாந்தின் லாவோ சரிவுகளில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரிக்கரையை ஒட்டி எழும் படிக்கட்டுத் தோட்டங்கள், 11ஆம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்டுவந்த துறவியர் மடங்களின் காலத்திலிருந்து வருபவை. போர்ச்சுகலின் தோரோ பள்ளத்தாக்கில் பாறையை உடைத்துச் சுவர் எழுப்பிய தலைமுறைகள் பல. தோரோவை 2001இலும் லாவோவை 2007இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மனித உழைப்பு நிலத்துக்குக் கொடுத்த வடிவத்தை மதித்துத்தான்.

நம் ஊர் இளைஞர்கள் இத்தகைய படங்களைக் கண்டு, நம்மிடம் அப்படிப்பட்ட காட்சிகள் இல்லையென்றும், தங்களுக்கு அந்தத் திறமை இல்லையென்றும் சோர்ந்துபோவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தவறு. வேறுபடுவது வெயில் விழும் விதம்தான். ஜெர்மனியில் திராட்சை விளையும் மோசல் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 50ஆவது அட்சரேகையில் இருக்கிறது. அங்கே இலைகள் பொன்னிறமாகும் அக்டோபர் இறுதியில், நண்பகலிலும் சூரியன் தாழ்வாகவே நிற்பதால், பகல் முழுவதும் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வரிசையும் தன் நிழலோடு எடுப்பாகத் தெரியும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட அட்சரேகையிலுள்ள நமக்குச் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது. சாய்ந்த ஒளி சிறிது நேரமே நிற்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல்களில் நிற்பவருக்குப் பொதிகை மேற்கே இருப்பதால், மலையின் மடிப்புகள் துலங்குவது விடிந்த சற்று நேரத்தில்தான். மாலையில் வெயில் மலைக்குப் பின்னே முன்னதாகவே மறைந்துவிட, நடவு முடிந்த வயலின் தண்ணீர் மட்டும் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இதை அறிந்து காத்திருப்பவருக்குப் பிசானம் என்னும் நெல் பருவத்தில் கிடைக்கும் படம் எந்த நாட்டுப் படத்துக்கும் குறைந்ததன்று.

திராட்சையே வேண்டுமென்பவர்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே ஐரோப்பிய முறையில் வரிசையாக நிற்பதில்லை; கல்தூண்களின் மேல் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலில் படர்கிறது. ட்ரோனைப் பறக்கவிட்டால் பச்சைப் பரப்பு மட்டுமே தெரியும். பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, அகன்ற கோணத்து லென்ஸால் தொங்கும் குலைகளையும் அவற்றைப் பறிப்போரின் உயர்ந்த கைகளையும் சேர்த்து எடுத்தால்தான் அந்தத் தோட்டம் படத்தில் வரும்.

எங்கே எடுத்தாலும் தோட்டக்காரரின் அனுமதியின்றி உள்ளே இறங்கலாகாது. 1860களில் பிரான்சை அடைந்த ஃபைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டித்தான் அவை மீண்டன. காலணியில் ஒட்டும் மண்ணோடும் அது பரவக்கூடும் என்பதால், ஆஸ்திரேலியாவில் கொடிகளுக்கிடையே நடக்க வேண்டாம் என்று பயணிகளை வேண்டிக்கொள்கிறார்கள். இங்கே சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் நாள்களில், படத்துக்காகச் செடிகளை மிதித்துக்கொண்டு நிற்பவர்களைக் காணும்போது மனம் பதறுகிறது. ஒருவருடைய படத்துக்காக இன்னொருவருடைய விளைச்சல் நசுங்கக் கூடாது.

ஆகவே, கார், பிசானம் ஆகிய இரு பருவங்களிலும் தாமிரபரணிப் பாசனப் பகுதியின் படங்களுக்கு ஞாயிறு இணைப்பில் இடம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். எந்த அணைக்கட்டின் கால்வாய்த் தண்ணீர் அந்த வயலுக்கு வருகிறது, அங்கே அன்று என்ன வேலை நடந்தது, நிலத்துக்குரியவரின் சம்மதத்தோடு எடுத்ததா என்னும் மூன்றையும் எழுதி அனுப்புவோரின் படங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதுவதைப் படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கல்லிடைக்குறிச்சி,
திருநெல்வேலி மாவட்டம்.