ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீர்க் கணக்கை எப்போது தீர்ப்பீர்கள்?

லாஸ் ஏஞ்சலஸ் மாநகர மன்றத்துக்கும் தண்ணீர், மின்சாரத் துறைக்கும் வணக்கம்.

உங்கள் தண்ணீரைக் குடித்து, பில்லையும் ஒழுங்காகக் கட்டுகிற ஆள் நான். போன வாரம் 395 நெடுஞ்சாலையில் ஓவன்ஸ் ஏரியைத் தாண்டும்போது காற்று கிளம்பி, முன்னால் போன லாரியே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

ஓவன்ஸ் ஆற்றுத் தண்ணீரை நம் நகரத்துக்குக் கொண்டுவரும் கால்வாய் 1913-ல் திறந்ததும், அதனால் 1920களில் ஏரி வற்றியதும் உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஏரிக்கரையில் கீலர் என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது. உப்பும் ஆர்சனிக்கும் கலந்த வெள்ளைத் தூசி கிளம்பினால் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்க வேண்டியதுதான், அப்படியும் இடுக்கு வழியாகப் புகுந்து தட்டிலும் தலையணையிலும் படியும். அதை அடக்க 200 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருக்கிறீர்கள், சரி, இல்லையென்று சொல்லவில்லை. கழுத்தைப் பிடித்த பிறகுதானே கொட்டினீர்கள்?

நான் கேட்க வந்தது இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான பையூட் மக்களின் தண்ணீர்ப் பங்கை. பள்ளத்தாக்கு அடங்கிய இன்யோ கவுண்டி 1866-ல் உருவானது என்று எழுதிவிட்டால் வரலாறு முடிந்துவிடுகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே பிஷப் என்ற ஊர்ப் பக்கம் அவர்கள் ஓடையை மறித்து, வாய்க்கால் வெட்டி, கிழங்குச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 1861-ல் மாட்டு மந்தைகளோடு குடியேறிகள் வந்தார்கள். பையூட் மக்கள் சாப்பாட்டுக்கு நம்பியிருந்த விதைப் புல்லை மாடுகள் மேய்ந்துவிட, பசியில் சண்டை மூண்டது. 1863-ல் ஏறத்தாழ 1,000 பையூட் மக்களைப் பட்டாளம் நடத்தியே தெஹோன் கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனது. மூன்றே வருடத்தில் கவுண்டி!

அப்புறம் 1939. பழங்குடிகளிடமிருந்து சுமார் 2,900 ஏக்கரை வாங்கிக்கொண்டு 1,400 ஏக்கர்கூட இல்லாத நிலத்தை நகரம் மாற்றிக் கொடுத்தது. தண்ணீர் உரிமை மட்டும் பேசி முடிக்கப்படவில்லை. காரணம், நகரச் சாசனப்படி வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்காமல் அதைக் கைமாற்ற முடியாதாம். கேட்டுப் பார்த்தால்தானே சம்மதம் கிடைக்குமா இல்லையா என்று தெரியும்? அதனால் கேட்கிறேன், வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

நிலத்தை வாங்குவதில் மட்டும் உங்களுக்கு என்றைக்குமே தயக்கம் இருந்ததில்லை. அதே பள்ளத்தாக்கில் மன்சனாரில் ஆப்பிள் பயிரிட்டவர்களின் நிலத்தை வாங்கித் தோட்டத்தைக் காயவிட்டீர்கள், 1942-ல் அரசாங்கம் 10,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைக்க அதே இடம் வசதியாகக் காலியாக இருந்தது. கோபத்தில் எங்கெங்கோ போகிறேன், மன்னிக்கவும்.

பையூட் மக்களின் தண்ணீர்ப் பங்கை அவர்களோடு உட்கார்ந்து பேசி முடித்து, அடுத்த நகரத் தேர்தலிலேயே வாக்குச்சீட்டில் ஏற்றுங்கள். நானும் இந்த ஊர் வாக்காளன்தான், என் ஓட்டு ஆதரவாகத்தான் விழும். எந்தத் தேர்தலில் என்று தயவுசெய்து எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தண்ணீர் வாடிக்கையாளர் ஒருவர்